சேலை வாங்கப் போய் தேனீக் கூடு மாற்றியது

அக்கா மகளுக்குக் கல்யாணம். கூறைச்சேலை காஞ்சிபுரத்திலிருந்துதான் வர வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். மலேசியாவில், பேராக்கில் எங்கள் குடும்பத்தில் அந்த வாரம் கையில் வேலை இல்லாத ஆள் நான் ஒருத்திதான். பள்ளி வேன் ஓட்டுகிறேன், பள்ளிக்கு விடுமுறை. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் என் கெலுலூட் கட்டைகளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கெலுலூட் என்பது எங்கள் ஊரின் கொடுக்கில்லாத தேனீ. மரப்பொந்துக்குள் வாழும். மெழுகையும் மரப்பிசினையும் குழைத்துக் குட்டிக் குட்டிக் குடுவைகள் செய்து, அவற்றில் புளிப்பான தேனைச் சேர்த்து வைக்கும். பத்து வருடமாக வளர்க்கிறேன். என் கைப்பேசியின் முகப்புப் படமே அதன் கூட்டு வாசல்தான். இந்தப் பயணம் வேறு மாதிரி ஆனதற்கு அந்தப் படம்தான் காரணம்.

செவ்வாய்க்கிழமை, பட்டுக்கடையில் மூன்றாவது மணி நேரம். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட சேலையைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பக் கைப்பேசியை எடுத்தேன். சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை அப்படியே நின்றது. பெயர் பத்மா, முப்பது வயதிருக்கும்.

"அக்கா, இது கொசுத்தேனீ மூக்குதானே?"

"மூக்கா?"

"அந்தக் குழாய்க்கா. எங்க வூட்டுச் செவுத்துலயும் இருக்குது. எங்க மாமியாரு அப்படித்தான் சொல்வாங்க, செவுத்துக்கு மூக்கு மொளச்சிருக்குதுன்னு." சிரித்தாள். அடுத்த நொடியே முகம் சுருங்கியது. "வெள்ளிக்கிழமைதான்கா அதுக்குக் கடைசி."

மீதியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். மாமியாருக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பழைய வீடு, சக்கர நாற்காலி நுழைய முன்வாசல் பற்றாது. நிலையைப் பெயர்த்து, இடப்பக்கச் சுவரை இடித்து அகலப்படுத்த வேண்டும். கொத்தனாருக்கு வெள்ளி ஒருநாள்தான் ஒழிவு. தேனீக் கூடு இருப்பது அதே இடப்பக்கச் சுவருக்குள்.

"நாங்க நயினாருங்கக்கா. ஜைனருங்க. தேனே தொட மாட்டோம், எறும்பு போனாலும் தாண்டித்தான் போவோம். மாமா செவுத்துல கை வெக்கக் கூடாதுன்றாரு. எங்க வூட்டுக்காரரு பூச்சி மருந்து வாங்கி வந்து வெச்சிருக்காரு. ரெண்டு பேரும் பேசியே நாலு நாளாவுது."

எனக்கு ஞாயிறு இரவு விமானம். நடுவில் கோயில்கள் பார்ப்பதாகத் திட்டம். "நாளைக்கு நான் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை மந்தாரை இலை வாசத்தோடு ஒரு துண்டு குடலை இட்லி சாப்பிட்டேன். மிளகும் சுக்கும் தொண்டையைச் சுட, வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினேன். பாலாற்றை ஒட்டிய பத்மாவின் ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். பெயரைச் சரியாகத்தான் சொன்னேன்; நடத்துநர்தான் என்னை அங்கே இறக்க மறந்துவிட்டார். வாலாஜாபாத் வந்த பிறகு, "இன்னும் நீ எறங்கலையாமா?" என்று என்னையே கேட்டார். எங்கள் ஊரில் வேனில் ஒரு பிள்ளையை இறக்க மறந்தால் பெற்றவர்கள் என்னைப் பிய்த்துவிடுவார்கள். இங்கே பஸ்ஸே சேர்ந்து சிரித்தது. தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தபோது தலைமுடி எல்லாம் தவிடு.

வாசலில் முதலில் எதிர்ப்பட்டது பத்மாவின் கணவர் ஜீவா. ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்காக லீவு போட்டிருந்தார். மருத்துவமனையும் வீடுமாக அலைந்ததில் கண்கள் சிவந்திருந்தன.

"வாங்கக்கா. நீங்களாச்சும் எங்கப்பாவுக்குச் சொல்லுங்க. நாலு கொசுவுக்காக எங்கம்மா வாசல்லயே ஒக்காந்துக்கினு இருக்கணுமா?"

அவர் அப்பா தனபால் நயினார் உள்ளிருந்து வந்தார். எழுபதைத் தாண்டிய, ஒடிசலான விவசாயி. மகன் பேசியதைக் கேட்டும் கேட்காதவர் போல என்னைச் சுவரோரம் கூட்டிப்போனார். நெஞ்சுயரத்தில், காரை விரிசலிலிருந்து கருப்பாகச் சுண்டுவிரல் பருமனில் ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் நாலைந்து தலைகள். காவல்காரிகள். அளவில் எங்கள் கெலுலூட்டில் பாதிகூட இல்லை. கொசு என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். சுவரில் காதை வைத்தேன். உள்ளே மெல்லிய இரைச்சல்.

"தான் கல்யாணம் கட்டி வந்த வருஷத்துலருந்து இருக்குதுன்னு அவ சொல்வா," என்றார். 'அவ' என்றது மருத்துவமனையில் இருக்கும் மனைவி சாந்தாவை. "மெதுவா மாத்த வழியில்லியாம்மா?"

வழி இருக்கிறது. குழலோடு ஒரு பெட்டியை இணைத்துவிட்டால் அவை தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டிக்குள் குடித்தனத்தை விரிக்கும். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். வெள்ளிக்கிழமைக்குள் என்றால் சுவரைத் திறந்து கூட்டைக் கையால்தான் எடுக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

"ஒரு சொட்டுத் தேன் எடுக்கக் கூடாது. ஒண்ணும் சாகக் கூடாது."

"தேன் எடுக்க மாட்டேன் ஐயா. ஆனா சாகும். எவ்வளவு கவனமா செஞ்சாலும் கொஞ்சம் நசுங்கும். எத்தனைன்னு இப்பவே சொல்ல முடியாது."

அவர் வெகுநேரம் குழலையே பார்த்தார். "சாகாதுன்னு நீ சொல்லியிருந்தா உன்னை அனுப்பிட்டிருப்பேன்," என்றார் கடைசியில். "செய்மா."

ஜீவா பின்னாலிருந்து கேட்டார்: "மேஸ்திரி எப்ப கை வெக்கலாம்?"

"வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குச் சுவர் உங்க கையில்," என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். இந்த இனத்தின் கூட்டை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

வியாழக்கிழமை முழுக்கப் பெட்டிக்கு அலைந்தேன். பாலிஷ் போட்ட மரம் ஆகாது, வாடை பிடிக்காது. தறிக்கு மரவேலை செய்யும் ஒரு தச்சரிடம் பழைய பலகைத் துண்டுகள் கிடந்தன. அளவு சொன்னேன்: உள்ளே இரண்டு கை அடங்கும் இடம், கனத்த பலகை, சுண்டுவிரல் நுழைய ஒரு துளை. "எதுக்கும்மா, சாமி வெக்கவா?" என்றார். தேனீக்கு என்றேன். அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில் சொன்னார்: "மலேசியாவிலிருந்து வந்து ஈக்கு வீடு கட்டுகிறாளாம். பாவம், நல்ல குடும்பத்துப் பெண் மாதிரிதான் இருக்கிறாள்." என் சிறு வயதில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பாதிப்பேர் தெலுங்கர்கள். "நல்ல குடும்பம்தான், மூடி மட்டும் இறுக்கமா இருக்கட்டும்" என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மோர் வந்தது. பெட்டியும் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொத்தனார் வந்தார். எபிநேசர், ஊரில் எபி மேஸ்திரி. "ஒரு டப்பா மண்ணெண்ண ஊத்துனா அஞ்சு நிமிஷ வேல. இதுக்கு வெளிநாட்லருந்து ஆளா?" என்று கேட்டாரே தவிர, உளியை அவர் பிடித்த விதம் பார்க்க வேண்டியது. பல் வைத்தியர் மாதிரித் தட்டித் தட்டிக் காரையைப் பெயர்த்தார். மூன்றாவது செங்கல் அசைந்ததும் கருப்புப் புகை போல அவை வெளியே வந்தன.

கொடுக்கு இல்லை என்றால் ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. கடிக்கும். முடிக்குள் புகும். பிசினைக் கொண்டுவந்து ஒட்டும். காதும் கண்ணும் அதற்கு மிகவும் பிடித்த இடங்கள்.

"காதுல பூந்துக்கிச்சிமா! உள்ள கடிக்குது!" எபி மேஸ்திரி உளியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். துண்டால் அவர் தலையைக் காதோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை, எல்லாம் ஜாடைதான்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். எங்கள் கெலுலூட்டில் புழு அறைகள் தட்டுத் தட்டாக இருக்கும்; தோசையைத் தூக்குவது போல ஒரே தூக்காகத் தூக்கிவிடலாம். இங்கே தட்டே இல்லை. திராட்சைக் கொத்து போல அறைகள் ஒன்றையொன்று தொற்றிக்கொண்டு, செங்கல் இடுக்கெல்லாம் நுழைந்து பரவியிருந்தன. ஒவ்வோர் அறைக்குள்ளும் வேண்டிய உணவை ஒரே தடவையில் நிரப்பி, முட்டையிட்டு, மூடி முத்திரை போட்டுவிடுகின்றன. கவிழ்த்தால் முட்டை உணவில் மூழ்கிச் செத்துப்போகும். சாயாமல், திரும்பாமல், இருந்த நிலையிலேயே எடுக்க வேண்டும்.

பத்மா கொடுத்த சன்ன ஸ்பூனால் கொத்துக் கொத்தாக எடுத்தேன். நயினார் வயலில் பொறுக்கி வைத்திருந்த மயிற்பீலியால் ஒவ்வொரு கொத்தைச் சுற்றியும் தேனீக்களைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டார். எழுபது வயதுக் கை. ஒரு நடுக்கம் இல்லை.

சுண்டைக்காய் அளவுத் தேன் குடுவைகளில் சில உடைந்தன. தேன் என் விரலில் வழிந்தது. பத்து வருடப் பழக்கம்; விரல் தானாக வாய்க்குப் போனது. நயினார் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலைத் துணியில் துடைத்தேன். வெட்கமாக இருந்தது.

உடைந்த குடுவைகளைப் பெட்டிக்குள் வைக்கவும் முடியாது. சிந்திய தேனுக்கு எறும்பும் ஒருவகைச் சின்ன ஈயும் வரும். அந்த ஈயின் புழுக்கள் பெட்டியையே காலி செய்துவிடும். ஒரு தட்டில் போட்டு, தட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் நடுவில் வைத்துத் தள்ளி நிறுத்தினோம். அவற்றின் தேனை அவையே வந்து எடுத்துக்கொள்ளட்டும். "அதான் சரி," என்றார் நயினார். அந்தக் காலையில் அவர் நிம்மதியாகப் பேசியது அதுதான்.

பன்னிரண்டு மணி. ராணியை நான் இன்னும் பார்க்கவில்லை. கொத்துகளுக்குள் இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஜீவா கடிகாரத்தைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவள் நான். பழைய குழலை வெட்டிப் புதுப் பெட்டியின் துளையில் ஒட்டி, பெட்டியைக் கூரைச் சட்டத்திலிருந்து கூடு இருந்த இடத்துக்கு நேராகத் தொங்கவிட்டுச் சுவரைக் கொடுத்தேன். எபி மேஸ்திரி பசியோடு இருந்தவர் போல இடித்தார். கல்லும் காரையும் டிராக்டரில் ஏறி, ஏரிக்கரைப் பாதையில் குழி அடைக்கப் போயின.

மூன்று மணிக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. கூடு மாற்றிய கொஞ்ச நேரத்தில் அவை வேலையைத் தொடங்கிவிட வேண்டும். மூடி இடுக்கில் பிசின் பூச வேண்டும், வாசலில் காவல் நிற்க வேண்டும். இவை பெட்டிக்குள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு தலைகூட இல்லை.

"ராணி உள்ளே இல்லை," என்றேன்.

"பறந்துடுச்சா?" என்றார் ஜீவா.

"இதால பறக்க முடியாது. முட்டையிட ஆரம்பிச்ச பிறகு வயிறு உப்பிப்போகும். றெக்கை இருக்கும், தூக்காது. இடத்தை விட்டு ஓட இதுக்கு வழியே கிடையாது." பெட்டியின் மூடியைச் சாத்தினேன். "கல்லோட போயிடுச்சு. நான்தான் சரியா தேடல."

"அதுங்களே இன்னொரு தாயைப் பண்ணிக்காதா?" நயினார் கேட்டார்.

"ராணிக்குன்னு பெரிய புழு அறை ஒண்ணு இருந்தா பண்ணிக்கும். நான் பார்த்தவரைக்கும் இல்லை ஐயா."

அவர் பெட்டிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். நான் செருப்பைத் தேடினேன். ஏரிக்கரைக்கு நடந்தே போவதாக நினைப்பு. அதற்குள் ஜீவா பைக்கைத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

"எந்தக் கல்லுன்னு பாத்தா தெரியுமாக்கா?"

"தேனீ மொய்ச்சிருக்கும்."

"ஏறுங்க."

ஏரிக்கரையில் மூன்று குழிகள். இரண்டின் மேல் டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கியிருந்தது. அவற்றை நான் பார்க்காமல் தாண்டினேன். மூன்றாவது குழி இன்னும் குவியலாகவே இருந்தது. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டினோம். புரட்டியதைத் தனியாக அடுக்கினோம். சுண்ணாம்பு விரலிடுக்கையெல்லாம் அரித்தது. ஜீவா தலை நிமிராமலே சொன்னார்: "எங்கம்மா அந்தச் செவுத்துகிட்ட ஒக்காந்துதான் அரிசி பொடைப்பாங்க. வேலிக்கு முள் வெட்டியாந்தா, ஏங்க, அந்தப் பக்கம் போடாதீங்க, அதுங்க போற வழின்னு அப்பாவைச் சத்தம் போடுவாங்க. நான் ஆஸ்பத்திரியில அவங்ககிட்ட சொல்லவே இல்ல, மருந்து வாங்கினதை."

வெயில் சாய்ந்தது. பத்மாவிடமிருந்து அழைப்பு. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடும் வழக்கமில்லை. இப்போது வராவிட்டால் காலைவரை பட்டினி. மருத்துவமனை அலைச்சலில் ஜீவா காலையிலும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பத்மா சொல்வது எனக்கே கேட்டது.

"எனக்கு எடுத்து வெக்காத. அப்பாவை மட்டும் சாப்பிடச் சொல்லு," என்று வைத்துவிட்டுக் கைப்பேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டார்.

மேற்கே சிவப்பும் போய்க்கொண்டிருந்தபோது, "அக்கா," என்றார். சத்தமாகக்கூட இல்லை. "இதுங்க மட்டும் ஏன் பறக்கல?"

அரைச் செங்கல். ஒட்டியிருந்த காரைக்கு அடியில் ஒரு வெடிப்பு. அதற்குள் பத்துப் பதினைந்து தேனீக்கள், விளக்கொளி பட்டும் நகராமல். அவற்றின் நடுவே, நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளமாக, தேன் நிற வயிறும் எதற்கும் உதவாத குட்டி றெக்கைகளுமாக அவள். உயிரோடு. கால் அசைந்தது.

நான் அழுதேன். ஜீவா என்னைப் பார்க்காமல் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

செங்கல்லை அப்படியே துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ஜீவா பைக்கை நடக்கும் வேகத்தில் ஓட்டினார். வேகத்தடை வந்தால் நான் இறங்கி நடந்தேன். வீட்டில் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு மெழுகுத் துணுக்கில் அவளை ஏறவைத்துப் புழு அறைகளின் மேல் விட்டேன். ஓடிக்கொண்டிருந்தவை நின்றன. முதலில் அருகில் இருந்தவை, பிறகு தள்ளி இருந்தவை. தலையெல்லாம் அவளை நோக்கித் திரும்ப, ஒரு வட்டம் உண்டானது. ஒரு வாரமாகப் பேசாத அப்பாவும் மகனும் ஒரே விளக்கொளியில் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள்.

"சாப்டியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"நானும் இல்ல."

சனிக்கிழமை காலை நான் போனபோது மூடியைச் சுற்றி மெல்லிய கருப்புக் கோடு. பிசின் பூசியாகிவிட்டது. வாசலில் மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல ஓடினேன். நயினார் இடித்த சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செத்த தேனீக்களைப் பீலியால் ஒரு இலையில் கூட்டிக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். நசுங்கியவை, தேனில் மூழ்கியவை, இரவெல்லாம் வெளியே கிடந்தவை.

"இதுங்க செத்ததுக்கு இன்னிக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது," என்றார். குறையாகச் சொல்லவில்லை. "செய்யச் சொன்னது நான். நீ சாப்பிடும்மா."

நானும் சாப்பிடவில்லை என்று சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும். எனக்குப் பசி கண்ணை மறைத்தது. பத்மா வைத்த ஆறு இட்லியையும் சாப்பிட்டேன்.

பத்தரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. இறக்கிய ஆள் நாற்காலியை நேராக வாசலுக்குத் தள்ளப் போனார். "அண்ணா, கொஞ்சம் வலது பக்கமா வாங்க. அதுங்க போற வழி," என்றார் ஜீவா. புது வாசல். சிமெண்ட் இன்னும் ஈரம். நாற்காலி இரண்டு பக்கமும் உரசாமல் உள்ளே நுழைந்தது. எபி மேஸ்திரி தெருவிலிருந்து பார்த்துவிட்டு, "ஒரு சாண் மிச்சம் இருக்குது பாரு," என்று யாரிடமோ பெருமையாகச் சொன்னார். காதில் பஞ்சு.

நான் வந்தது சேலைக்கு. அந்த மாம்பழ மஞ்சள் சேலை பொட்டலமாகப் பத்மாவின் பையில் தயாராக இருந்தது. ஆனாலும் உடனே கிளம்ப மனமில்லாமல் ஒதுங்கி நின்றேன்.

சாந்தா அம்மாவை வாசலைப் பார்த்த மாதிரியே உட்காரவைத்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழைந்து வந்தது. வீட்டை, இடிந்த சுவரை, தொங்கும் பெட்டியை மெதுவாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்த கணவரிடம் கண்களை நிறுத்தினார்.

"சாப்ட்டீங்களா?"

நயினார் பொய் சொல்லத் தெரியாதவர். "இன்னிக்கு இல்ல."

அம்மா பெட்டியைப் பார்த்தார். திரும்ப அவரைப் பார்த்தார். அத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தப் பட்டினிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தினி?"

"எண்ணல."

வெளியே போயிருந்தவை ஒன்றிரண்டாக வந்து, பழைய இடத்தில் ஒரு சுற்று தயங்கிவிட்டுக் குழலுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

"தாய்?"

"இருக்குது. உன் புள்ளதான் தேடிக் கொண்டாந்தான்."

அம்மா ஜீவாவை ஒருமுறை பார்த்தார். பிறகு கணவரின் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்து வாயைத் திறந்தார்.